பதினெட்டாம் போருக்கு மறுநாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘கோகோ’ படத்தின் இரண்டாம் பாகம் 2029இல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாளை வைத்து எடுத்த படம் அது. பார்க்கும்போது நம் வீட்டு அமாவாசைப் படையல்தான் நினைவுக்கு வரும். கடைசியில் கொள்ளுப்பாட்டியின் படமும் படையல் மேடைக்கு வந்துவிடுகிறது, கதை முடிந்தது. இதற்குமேல் என்ன சொல்லப்போகிறார்கள்? ‘மோவானா’வின் இரண்டாம் பாகம் கோடி கோடியாகச் சம்பாதித்தது, ஆனால் ஒரு காட்சிகூட மனதில் நிற்கவில்லை. சீனாவின் ‘நேஜா’ இரண்டாம் பாகத்தை மட்டும் முதலதைவிட நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அரவான் களப்பலியை 12 நிமிட அனிமேஷனாக எடுத்திருக்கிறோம். கூத்து வேஷத்தைப் பார்த்து வரைந்த வெட்டுப் பொம்மைகள்தான். தலை விழுவதோடு படம் முடியும். பார்த்தவர்கள் எல்லாரும் ‘பார்ட் டூ எப்போ?’ என்கிறார்கள். எடுக்கலாமா? எடுத்தால் எங்கே தொடங்குவது?

க.,
மஞ்சக்குப்பம், கடலூர்

*

அன்புள்ள க.,

உங்கள் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடும்போது எந்த ராத்திரிக்கும் ‘இரண்டாம் பாகம்’ என்று பெயர் கிடையாது. வில்வளைப்பு, பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி ராத்திரி. நேற்று வராதவனும் இன்றைக்கு வந்து பாய் விரித்து உட்காரலாம். யார் யார் என்ன உறவு, யாருக்கு யார்மேல் பகை என்பதைக் கட்டியங்காரன் நக்கலோடு சொல்லி முடித்துவிடுவான். கர்ண மோட்சத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சாவு வீட்டுக் கருமாதியில் ஆடுகிறார்கள். பதினெட்டாம் போர் முடிந்து, படுகளத்தில் மண்ணால் கிடத்திய துரியோதனன் தொடை பிளந்து, அம்மன் கூந்தல் முடிந்து, தீமிதித்து, தருமர் பட்டாபிஷேகமும் ஆனால் சரி. மறுநாள் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த தடவை கொடியேறும்போது கதை பழையபடி முதலிலிருந்து வரும்.

உங்கள் கேள்விக்கு என் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. சடங்கை நம்பி எடுத்த படம் பிடித்துப்போனவர்கள் ஏங்குவது பெரும்பாலும் இன்னொரு ராத்திரிக்குத்தான். ஸ்டூடியோக்கள் கொடுப்பது அடுத்த பாகம். அடுத்த பாகம் என்றால் போன பாகம் போட்டு முடித்த முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாக வேண்டும். இன்னொரு ராத்திரிக்கு அதே ஊர், அதே வேஷக்கட்டு, அதே மத்தளம் போதும், முடிச்சு மட்டும் புதிது. அடுத்த பாகம் எடுத்தே தீருவது என்றால், மரபே எங்காவது கதையைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.

‘கோகோ’வை எடுத்துக்கொள்வோம். 2013இல் டிஸ்னி ‘இறந்தோர் நாள்’ என்ற அந்தப் பண்டிகையின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது. ‘ஆடிப்பெருக்கு’ என்ற சொல் இனிமேல் எங்களுடையது என்று ஒரு கம்பெனி கிளம்பினால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களும் அப்படித்தான் கொதித்தார்கள், விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. அப்போது கேலிச்சித்திரம் போட்டுச் சாடிய லாலோ அல்காராஸையே பிறகு ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். கதையும் ஒருமுறை முழுசாகக் கவிழ்ந்தது. முதலில் எழுதியது, இறந்துபோன ஒருவரை மனதிலிருந்து விட்டுவிடக் கற்றுக்கொள்ளும் பையனின் கதை. பண்டிகையோ இறந்தவர்களை விடாதே, வருஷா வருஷம் பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறது. நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று புரிந்ததும் அந்தக் கதையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்கள். இயக்குநர் லீ அன்க்ரிச்சே இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2017இல் வந்த படத்தின் பலமெல்லாம் அந்தக் கவிழ்ப்பில் கிடைத்தது.

இப்போது அந்தப் படத்தின் விதிகளைப் பிரித்து வைத்துப் பாருங்கள். படையல் மேடையில் படம் வைப்பது மரபு. துலுக்கச் சாமந்தி இதழைத் தூவி இறந்தவர்களுக்கு வீட்டு வாசல்வரை வழி காட்டுவதும் மரபு. (அந்தப் பூவின் தாய்நாடே மெக்சிகோதான். நம் சாமிக்கு மாலையாக அது கடல் தாண்டி வந்து சேர்ந்தது.) படம் இல்லாதவரை எல்லையில் நிறுத்தித் திருப்பி அனுப்பும் சோதனைச் சாவடி சினிமா. செத்தவனின் கித்தாரை மீட்டினால் சாபம், சூரியன் உதிப்பதற்குள் குடும்பத்தார் ஆசீர்வதிக்காவிட்டால் திரும்ப முடியாது என்பதெல்லாமும் சினிமா. மரபு மூலப்பொருளைக் கொடுத்தது, திரைக்கதை அதில் பூட்டும் சாவியும் செய்தது. படம் முடியும்போது எல்லாப் பூட்டும் திறந்தாகிவிட்டது. அதே பையனுக்கு அதே சாபம் இரண்டாவது தடவை வந்தால் சிரிப்பார்கள். ஆகவே புதுப் பூட்டு செய்ய வேண்டும், அதற்குப் பின்னால் எந்த ஊரும் இருக்காது.

ஊர் இல்லாத விதி ஊருக்குள் புகுந்துவிடுவது அடுத்த சிக்கல். அந்தப் படத்தில் வண்ண வண்ணமாக வரும் அலெப்ரிஹே என்ற மிருகங்கள் இறந்தோர் நாளின் மரபைச் சேர்ந்தவை அல்ல. 1930களில் மெக்சிகோ நகரத்துக் காகிதக்கூழ்க் கைவினைஞர் பெத்ரோ லினாரெஸ் உருவாக்கிய பொம்மை வகை அது. ஆவிகளுக்கு வழிகாட்டும் வேலையைப் படம்தான் அவற்றுக்குக் கொடுத்தது. அங்கே இப்படி நடப்பது புதிதும் இல்லை. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் காட்டிய இறந்தோர் நாள் ஊர்வலம் கற்பனை. மறுவருஷம் மெக்சிகோ நகரம் நிஜமாகவே அப்படியொரு ஊர்வலத்தைத் தொடங்கி, ஆண்டுதோறும் நடத்தி வருகிறது. முதல் பாகமே இவ்வளவு செய்யுமென்றால், மரபைவிட முதல் பாகத்தை அதிகம் நம்பி எடுக்கும் இரண்டாம் பாகம் என்னவெல்லாம் செய்யும்?

அதற்காக மரபில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கான நாள், நவம்பர் 2 பெரியவர்களுக்கு. படம் இந்தப் பிரிவினையைத் தொடவே இல்லை. காம்பேச்சே மாநிலத்தில் போமுச் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தார் தங்கள் இறந்தவர்களின் எலும்புகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, புதுத் துணி விரித்துப் பெட்டியில் திரும்ப வைக்கிறார்கள். அது ஒரு முழுப் படத்துக்குப் போதும். புதுச்சேரிக்காரர்களுக்கு நவம்பர் 2 என்ன நாள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவத்தியுமாக நிற்கும் குடும்பங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மயானக் கொள்ளையன்று சுடுகாட்டில் இலை போட்டுப் படைப்பவர்களையும் பார்த்திருக்கிறார்கள். 2029இல் வருவது இந்தப் பக்கம் வந்தால் எனக்குச் சந்தோஷம். கதை நாயகனான அதே 12 வயது மிகெலைப் பெரியவனாக்கி, அதே சாமந்திப் பாலத்தில் இன்னொரு தடவை ஓடவிட்டால் நம் வீட்டுப் படையலே மேல். கொள்ளுப்பாட்டிக்குக் குரல் கொடுத்த ஆனா ஒஃபேலியா முர்கியா 2023 டிசம்பரில் இறந்துவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நினைவைப் பற்றிய படத்தில் அந்தக் குரலுக்குப் பதில் இன்னொரு குரலை வைப்பது லேசான காரியம் இல்லை.

‘மோவானா’வில் நடந்தது வேறு. 2016 படத்துக்காக டிஸ்னி பசிபிக் தீவுகளின் மானுடவியலாளர்கள், மொழி அறிந்தவர்கள், கலைஞர்களைக் கொண்டு ஒரு குழுவே வைத்தது. மொட்டைத் தலையோடு வரைந்திருந்த மௌயி என்ற அரைத்தெய்வத்துக்கு அவர்கள் சொல்லித்தான் நீள முடி வந்தது. கோபத்தில் மோவானா தேங்காயை வீசும் காட்சியும் நீக்கப்பட்டது, தேங்காய் அங்கே அவ்வளவு மதிப்புள்ள பொருள். கடலோடிகளாயிருந்த மக்கள் ஏன் நெடுங்காலம் நெடும்பயணம் போகாமல் நின்றார்கள் என்ற உண்மையான வரலாற்றுக் கேள்விமேல் அந்தக் கதை நின்றது. அதற்கு விடையாக வைத்த தே ஃபிட்டி என்ற தேவதை படத்துக்காகப் படைத்தது. சரி, ஒரு கேள்விக்கு ஒரு கற்பனை விடை. இரண்டாம் பாகத்தில் தேடிப்போகும் மொட்டுஃபேட்டு தீவும் கற்பனை, ஆனால் அதற்குப் பின்னால் கேள்வி இல்லை. முதல் படத்தின் கற்பனையிலிருந்து கிளை பிரிந்த கற்பனை அது. பிரதியிலிருந்து எடுத்த பிரதியில் எழுத்து மங்கத்தானே செய்யும்.

இன்னொரு காரணம் தொழில்நுட்பமானது. அது முதலில் ஓடிடி தொடராகத் திட்டமிடப்பட்டது. 2024 பிப்ரவரியில் திரைப்படமாக மாற்றுவதாக அறிவித்து நவம்பரிலேயே வெளியிட்டார்கள். தொடரில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் இருக்கும், படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு அத்தியாயம் கிடைக்கும். அதைச் சுருக்கி ஒன்றரை மணி நேரத்தில் அடைத்தால் மேடும் பள்ளமும் வரிசையாக ஒரே உயரத்தில் நிற்கும். படகில் ஏறியவர்கள் ஏறியபடியே இருப்பார்கள். உங்களுக்கு ஒரு காட்சியும் நிற்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 100 கோடி டாலருக்குமேல் வசூலானது வேறு கணக்கு.

நம் ஊர் உதாரணம் இதைவிடத் தெளிவானது. 2005இல் ‘ஹனுமான்’ அனிமேஷன் ஓடியது. 2007இல் அனுராக் காஷ்யப் இயக்கத்தில் ‘ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்’ வந்தது. அதில் அனுமன் பிரம்மாவிடம் கேட்டு, பூமியில் மனிதப் பிள்ளையாகப் பிறந்து பள்ளிக்கூடம் போவார். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அனுமன் சிரஞ்சீவி. ராமகதை சொல்லும் இடத்திலெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நம்புகிற மரபு நம்முடையது. சாகாதவரைத் திரும்பப் பிறக்கவைக்க வேண்டிய அவசியம் என்ன? இன்றைய தெருவில் அவர் இருந்துகொண்டே இருக்கிறார் என்று தொடங்கியிருந்தால், மரபே திறந்து வைத்த வாசல் வழியாக நுழைந்திருக்கலாம். சுவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

‘நேஜா’ அந்த வாசலைப் பார்த்து நுழைந்தது. மூலம், மிங் காலத்து நூறு அத்தியாய நாவல். அதில் நேஜா என்ற சிறுவன் தன் உடம்பின் தசையையும் எலும்பையும் பெற்றோருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போவான். குரு தாமரையிலிருந்து அவனுக்கு வேறு உடம்பு செய்து கொடுப்பார். 2019 படம் மூலத்தை நிறைய மாற்றிவிட்டது, ஆனாலும் உடம்பு அழிந்து உயிர் மட்டும் தாமரையில் தங்கும் இடத்தில் போய் நின்றது. நாவல் தெரிந்த சீனக் குழந்தைக்கு அடுத்து என்ன என்று தெரியும், அதனாலேயே காத்திருக்கும். 2025 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகம் தாமரை உடம்பு செய்வதிலிருந்து தொடங்கியது. 200 கோடி டாலரைத் தாண்டி, உலகத்தில் அதிகம் வசூலித்த அனிமேஷன் படமாகிவிட்டது. இடையில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஐந்தரை வருஷம். ஒரு சுவையான விஷயம்: நேஜாவின் வேர் குபேரனின் மகன் நளகூபரன் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உரலை இழுத்துக்கொண்டு போன கண்ணன் இரட்டை மருதமரத்திலிருந்து விடுவித்தானே, அந்த நளகூபரன் பௌத்தத்தோடு சீனத்துக்குப் போய் நேஜாவானான். நாமும் அவனுக்கு ஒரு படம் பாக்கி வைத்திருக்கிறோம்.

‘மகாவதார் நரசிம்மா’ அனிமேஷன் வரிசையின் 2037 வரைக்குமான ஏழு படத் திட்டத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். அவதாரங்கள் ஏற்கெனவே வரிசையாக இருப்பவை, அதனால் எண்ணிக்கை என்னைப் பயமுறுத்தவில்லை. தாயின் தலையை வெட்டிய பரசுராமனுக்கும் தூணைப் பிளந்து வந்தவருக்கும் ஒரே முழக்க இசை, ஒரே மெதுவோட்டம் போடுவார்களோ என்பதுதான் பயம். சிங்கிரிகுடி நரசிம்மருக்குப் பதினாறு கை. சிற்பத்தில் அவை விசிறிபோல ஒரே தளத்தில் விரியும், முன்னால் நின்று பார்க்க அற்புதம். அந்த உருவத்தை அனிமேஷனில் பக்கவாட்டில் திருப்பினால் பதினாறும் ஒரு முதுகில் முளைத்த குச்சிக்கட்டாகிவிடும். இரண்டு கையை மட்டும் நடிக்கவிட்டு, மற்றதை இரண்டு மூன்று பிரேம் தாமதத்தில் பின்தொடரவைப்பார்கள். அப்போதும் தோள்பட்டை மடிப்பு கிழியாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு.

இனி ‘இன்னொரு ராத்திரி’க்காரர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படிப்பவர்களில் பலருக்குக் ‘கிரிகூ’ தெரிந்திருக்கும். மிஷெல் ஒசெலோ 1998இல் எடுத்த படம், மேற்கு ஆப்பிரிக்க நாட்டார் கதை. சின்னஞ்சிறு பொடியன் சூனியக்காரியின் முதுகிலிருக்கும் முள்ளைப் பிடுங்க, அவள் முத்தமிட, அவன் வளர்ந்த ஆணாகிவிடுகிறான். அதற்குமேல் கதை இல்லை. ஆனால் ஜனங்கள் இன்னும் கேட்டார்கள். 2005இல் ஒசெலோ செய்த தந்திரத்தைப் பாருங்கள். முடிவுக்கு அப்புறம் போகவே இல்லை. முதல் படத்தில் எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை என்று தாத்தா ஆரம்பித்து, அந்தப் படத்தின் நடுவிலேயே நடந்த சின்னக் கதைகளைச் சொல்கிறார். 2012இல் இன்னொரு தொகுப்பு. பொடியன் பொடியனாகவே இருக்கிறான், முதல் படத்தின் முடிவையும் யாரும் தொடவில்லை. பாட்டி கதை சொல்லும் விதமும் இதுதானே? ‘அதுக்கு முன்னாடி ஒருநாள் என்ன ஆச்சு தெரியுமா...’

அயர்லாந்தின் கில்கென்னியில் இருக்கும் கார்ட்டூன் சலூன் இன்னும் துணிச்சலானது. ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ 2009, ‘சாங் ஆஃப் தி சீ’ 2014, ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ 2020. மூன்றும் அயர்லாந்து நாட்டார் மரபு, மூன்றையும் சேர்த்து ஒரு முத்தொகுதி என்கிறார்கள். ஒரு கதாபாத்திரம்கூட அடுத்ததில் தொடர்வதில்லை. கோடு மட்டும் மாறிக்கொண்டே போகும். முதலாவது பழைய ஏட்டுச் சித்திரம்போலத் தட்டையாக, இரண்டாவது நீர்வண்ணத்தில், மூன்றாவதில் நகரம் மரச்செதுக்கு அச்சுப்போல இறுக்கமாக, காடு அழிக்காமல் விட்ட பென்சில் கோடுகளோடு. ஒரு படம் பிடித்துப்போனவர்கள் அடுத்ததற்குத் தாமாகவே வருகிறார்கள். ஜப்பானில் ஜிப்லி ஸ்டூடியோ எடுத்த ‘டோட்டோரோ’வுக்கு அடுத்த பாகம் இல்லை. 2002இல் எடுத்த ஒரு குறும்படம் மட்டும் உண்டு, அதைப் பார்க்க மிட்டாகாவில் இருக்கும் ஜிப்லி அருங்காட்சியகத்துக்கோ ஐச்சியில் இருக்கும் ஜிப்லி பூங்காவுக்கோ போயாக வேண்டும். கூவாகத்துக்குப் போனால்தான் கூவாகம் என்பதுபோல.

உங்கள் அரவானுக்கு வருவோம். எடுக்கலாம். ஏனென்றால் மரபு அங்கே கதையை நிறுத்தவில்லை, தலையை வெட்டிவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. திரௌபதி வழிபாட்டுக் கதையில் அரவான் கேட்ட வரங்களில் ஒன்று, வெட்டுண்ட தலையால் பதினெட்டு நாள் போரையும் பார்ப்பது. அவன் வரம் கேட்கும் காட்சி உங்கள் 12 நிமிடத்தில் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் அடுத்த படத்தின் தொடக்கத்தில் கட்டியங்காரன் வாயால் சொல்லவையுங்கள், 35 வினாடி போதும். ‘பாகம் 2’ என்று பெயர் வைக்காதீர்கள். முதல் படம் பார்க்காதவர்களும் உட்கார முடிய வேண்டும்.

10 நிமிடம் என்று வையுங்கள், 600 வினாடி. நாளுக்கு 30 வினாடி என்றால் பதினெட்டு நாளுக்கு 540. மீதி 60இல் தொடக்கத்துக்கு 35, முடிவுக்கு 25. வினாடிக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம், ஆக மொத்தம் 7,200 நிலைகள். பயப்பட வேண்டாம், தலை நகராது. கேமராவும் நகரக்கூடாது. அரவானின் பார்வை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலிருந்து மட்டும்தான் போர் தெரிய வேண்டும். செலவைக் குறைப்பதும் இதுதான், படத்துக்கு உருவம் கொடுப்பதும் இதுதான்.

பெரிய ஸ்டூடியோக்களுக்கு ‘மாடல் கையில் இருக்கிறது, அடுத்த பாகம் மலிவு’ என்பது பாதி பொய். பத்து வருஷத்தில் மென்பொருள் மாறிவிடும், கணினிப் பொம்மையின் முகத்தை அசைக்கும் எலும்புச் சட்டத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், துணி, முடி எல்லாமே புதுசு. உங்களுக்கு அது நிஜமாகவே மலிவு. ஆகவே பழைய பொம்மைகளை அள்ளிப்போடத் தோன்றும், அங்கேதான் கவனம் வேண்டும். வெட்டுப் பொம்மைக்குக் கூத்து வேஷம் ஒரு வரப்பிரசாதம். அகலமான புஜக்கட்டை தோள் மூட்டை மறைத்துவிடும், மார்ப்பதக்கம் கழுத்து இணைப்பை மறைத்துவிடும். ஆனால் வேஷக்காரர் சுழன்று ஆடும்போது குட்டு வெளிப்படும். முன், முக்கால் முன், பக்கம், முக்கால் பின், பின் என்று ஐந்து படம் வரைந்து மூன்றைக் கண்ணாடித் திருப்பல் செய்தால் எட்டுத் திசையும் கிடைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். கையில் கதாயுதமோ வில்லோ இருந்தால் திருப்பிய மூன்றிலும் ஆயுதம் இடது கைக்குப் போய்விடும். ஆயுதத்தைத் தனித் துண்டாக வைத்து, திருப்பாமல் மறுபடி பொருத்துங்கள்.

கண்தான் முழுப் படமும். கொத்தட்டையிலும் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் தலையைப் பார்த்து வரையுங்கள். அந்த உருட்டிய விழி பாதி வேலையைச் செய்துவிடும். கருவிழி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இரண்டு, மூன்று பிரேமுக்குள் தாவிவிட வேண்டும். மெதுவாக வழுக்கினால் கடைப் பொம்மை. ஓடும் தேரையோ யானையையோ பின்தொடரும்போது மட்டும்தான் மனிதக் கண் வழுக்கிப் போகும். கண்ணைத் திரை நிறையக் காட்டும் காட்சிகளுக்கு அதை நாலு மடங்கு பெரிதாகத் தனியே வரைந்துகொள்ளுங்கள், பழைய கோப்பைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டாகும். கருவிழிக்குள் போர் நிழலாகத் தெரியும்போது அது கண்ணாடிப் பிம்பம், இடம் வலம் மாறும். வீமன் வலது கையால் ஓங்கும் கதாயுதம், விழியில் எதிர்ப்பக்கம் தெரிய வேண்டும். முதல் வெளியீட்டிலேயே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

வரைவதற்கு முன்னால் பதினெட்டு நாளுக்கும் பதினெட்டு வண்ணப் பட்டை தீட்டி ஒரே தாளில் ஒட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாளுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த நாளுக்கு நீங்கள் இன்னும் கதை யோசிக்கவில்லை என்று அர்த்தம். இசையையும் முதலிலேயே பதிவுசெய்யுங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 12 பிரேமுக்கு ஒரு அடி விழும், 90 என்றால் 16. ஆனால் 100 அடி என்றால் 14.4, கணக்கு நிற்காமல் நழுவும். கூத்து மத்தளம் எந்தக் கணக்கிலும் நிற்காது, சூடேற ஏற வேகமும் ஏறும். அதை மெட்ரோனோம் என்ற தாளக்கருவியில் கட்டிப்போட்டால் உயிர் போய்விடும். அடிக்கிறபடி அடிக்கவிட்டுப் பதிவுசெய்து, ஒவ்வொரு அடியும் எத்தனையாவது பிரேமில் விழுகிறது என்று தாளில் குறித்துக்கொண்டு அதற்கு வரையுங்கள். முகவீணைக் குழலுக்குத் தனி மைக் வையுங்கள், இல்லையென்றால் மத்தளத்துக்குள் மூழ்கிவிடும்.

மூன்று எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் வடக்கத்திப் பர்பரீகன் கதை வரும். அவன் தலையும் போரைப் பார்க்கும், முடிவில் ‘யார் ஜெயித்தது?’ என்று கேட்பார்கள், கிருஷ்ணனின் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது என்று சொல்லும். நல்ல முடிவுதான், ஆனால் அது வேறு ஊர்க் கதை. உங்கள் பகுதிக் கூத்து வாத்தியாரும் பாரதப் பிரசங்கியாரும் இங்கே அப்படிச் சொல்வதுண்டு என்றால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். அவர்களுக்குப் பணம் கொடுங்கள், ‘நன்றி’யில் அல்ல, எழுத்து என்ற தலைப்பின் கீழ்ப் பெயர் போடுங்கள். இரண்டாவது, அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு அறுத்து அழுகிற திருநங்கைகள் இந்தக் கதைக்குச் சொந்தக்காரர்கள். அந்த ஒப்பாரியை வைப்பதானால் வரைவுப்பலகை (ஸ்டோரிபோர்டு) நிலையிலேயே அவர்களிடம் காட்டுங்கள். வண்ணம் போட்ட பிறகு காட்டினால் யாரும் திருத்த மாட்டார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டதாக மட்டும் ஆகும். மூன்றாவது, எந்தக் காரணம் கொண்டும் அரவானைப் பழிவாங்க எழுப்பிவிடாதீர்கள். விழா முடியும் சித்திரையில் கூவாகத்துக்கு வருகிறவர்கள் அழவருகிறவர்கள்.

இமை விஷயம் ஒன்றை மறந்துவிட்டேன். பொம்மையில் இமை இருந்தால் நம்மையறியாமல் நாலு வினாடிக்கு ஒருமுறை இமைக்க வைத்துவிடுவோம், கை பழகியது அப்படி. முதல் பதினேழு நாளுக்கு இமைத் துண்டையே கோப்பில் அணைத்து வையுங்கள். பதினெட்டாம் நாள் படுகளத்தில் எல்லாரும் போனபின் அது மூட ஏழு படம் வேண்டும்: முதல் ஆறும் இரண்டிரண்டு பிரேம், ஏழாவதை மத்தளம் நிற்கும்வரை பிடித்து வையுங்கள்.